இடப்பக்கத்துக் காலடி

யஹ்யா என்பது அவன் பெயர். மாத்தளையிலுள்ள ஓர் அரசாங்கக் கந்தோரில் தொலைபேசி இயக்குநராக வேலை பார்த்தான். தன் ஊரான பலாபத்வலையில் காலை பஸ்ஸில் ஏறினால் சாரதிக்குப் பின்னாலுள்ள ஆசனத்தில்தான் அமர்வான். அங்கே வேறு யாரேனும் இருந்தால், அவர் எழும்பும்வரை கம்பியைப் பிடித்தபடி நிற்பானேயன்றி வேறிடம் தேடமாட்டான். சட்டைப்பையில் எந்நாளும் இரண்டு பேனாக்கள் செருகியிருக்கும். பார்வையற்றவனுக்குப் பேனா எதற்கு என்று புதிதாக வந்த எழுதுநர் ஒருவர் கேட்டபோது, "கேக்கிறவங்களுக்குக் குடுக்கிறதுக்குத்தான்," என்றான். அது மெய்தான். கந்தோருக்கு வருகின்றவர்களிற் பாதிப்பேர் பேனா கொண்டுவருவதில்லை. அவன் கொடுப்பான், அவர்கள் வேலை முடிந்து திரும்பும்போது குரலை அடையாளம் வைத்துக் கேட்டு வாங்கிக்கொள்வான். ஒரு பேனாவையேனும் அவன் இழந்ததில்லை. பிறரிடம் கையேந்தியே பல காரியங்களை முடித்துக்கொள்ள நேர்ந்தவனுக்கு, பிறர் தேடி வந்து கேட்கும்படியாக ஏதேனுமொன்று தன்னிடமும் இருக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. அதை அவன் எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவனுடைய பார்வை ஒரே நாளிற் போனதன்று. பள்ளிக்கூடத்திற் படிக்கும் காலத்தில் மாலையானதும் வாங்குகளில் முட்டிக்கொள்வான். பின்னர் பக்கங்கள் இருண்டு, குழாய் வழியே பார்ப்பதுபோல உலகம் நடுவிலே சுருங்கிற்று. முப்பது வயதாகும்போது அந்தத் துளையும் அடைபட்டுப்போயிற்று. கண்டியில் வைத்தியம் பார்த்த டொக்டர் அம்மா, "இந்தக் கண் வருத்தம் சிலருக்குக் காதையும் தொடும், வருடத்துக்கு ஒரு தடவை காதையும் காட்டிக்கொள்ளுங்கள்," என்று அப்போதே சொல்லியிருந்தார். தொடர்ந்து சில ஆண்டுகள் காட்டினான். குறையொன்றுமில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். அதன்பின் அந்தப் பயணத்தை விட்டுவிட்டான்.

கண்ணிருந்த காலத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டில் அவனுக்குப் பைத்தியம் பிடித்தாற்போன்ற ஆசை. கண் போனபின் அதுவும் போயிற்றென்றே நினைத்திருந்தான். ஆனால் துப்பாக்கி விளையாட்டொன்றில், எதிரியின் காலடி எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் காதில் அப்படியே கேட்கும் என்பதைத் தற்செயலாக ஒருநாள் கண்டுகொண்டான். கல்லில் மிதிக்கும் ஓசை வேறு, மரப்படியில் மிதிக்கும் ஓசை வேறு, நீரில் நடக்கும் ஓசை வேறு. கண்ணுள்ளவர்கள் திரையையே பார்த்துக்கொண்டு இவற்றையெல்லாம் தவறவிட்டார்கள்.

அந்த விளையாட்டில் இருவர் சேர்ந்தால் ஓர் அணி. யஹ்யாவின் கூட்டாளி இந்திரகுமார். ரத்தோட்டைக்கு அப்பால், ரிவர்ஸ்டன் போகும் வழியிலுள்ள தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் அவனுக்கு வேலை. யஹ்யாவைவிடப் பத்து வயது இளையவன்; அவனை 'நானா' என்று அண்ணன் முறையில் அழைப்பான். விளையாட்டிலேதான் இருவரும் முதலிற் சந்தித்தார்கள். யஹ்யாவின் ஆள் இந்திரகுமாரின் ஆளைத் தானாகப் பின்தொடரும்படி ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு யஹ்யா காதைக் கொடுப்பான், எங்கே யார் வருகிறான் என்பதைச் சொல்வான், இந்திரகுமார் சுடுவான்.

திசை சொல்வதற்கு அவர்கள் தமக்கென்றே ஒரு முறை வைத்திருந்தார்கள். மாத்தளையில் திருகோணமலை வீதியில் வடக்கே முகங்காட்டி நின்றால் முன்னே தம்புள்ளை, பின்னே கண்டி, வலக்கைப் பக்கம் ரத்தோட்டை, இடக்கைப் பக்கம் யட்டவத்தை. அந்த நான்கு ஊர்களும் விளையாட்டிலே நான்கு திசைகளாயின.

"தம்பி, யட்டவத்தையில ரெண்டு பேர். ஒருத்தன் படியில ஏறுறான்."

"பாத்துட்டேன் நானா. ஏறினவன் எறங்க மாட்டான்."

ஒருமுறை கொழும்பு அணியொன்று, இவர்கள் சுவருக்கு அப்பாலுள்ளவனைக் காட்டும் கள்ள மென்பொருள் ஏதோ வைத்திருப்பதாக முறைப்பாடு செய்தது. இந்திரகுமாருக்குக் கோபம் பொங்கிற்று. யஹ்யாவோ அன்று முழுதும் சிரித்த முகமாகவே இருந்தான். மனைவி ஸக்கியா சாப்பாடு பரிமாறும்போது, "கள்ளன்னு செல்லியிருக்காங்க, ஒங்களுக்குப் பெருநா மாதிரிச் சந்தோஷமா ஈக்கி!" என்று கேலி செய்தாள்.

"கண்ணு தெரியாதவன்னு செல்லல்லயே," என்றான் அவன்.

அவ்வளவுதான் காரியம். கலியாண வீட்டில், கந்தோரில், கடைத்தெருவில் எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் கையைப் பிடித்துக் கதிரை காட்டி, "நீங்க இப்பிடி ஒக்காருங்க" என்பார். அந்த விளையாட்டு ஒன்றிலேதான் அவனை ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. அங்கே அவன் சொல்லைக் கேட்டு வேறொருவன் நடந்தான்.

மழை தொடங்கிய மாதத்தில் இருந்து அந்தத் திசைகள் பிழையாகத் தொடங்கின. ரத்தோட்டை என்று அவன் சொல்வான். குண்டு யட்டவத்தையில் இருந்து வரும். பக்கத்தில் இந்திரகுமாரின் ஆள் முனகி விழும் ஓசை கேட்கும். "என் கையிதான் நானா, மௌஸ் வழுக்குது," என்பான் இந்திரகுமார். சிலவேளை மழையினால் லைன் மெதுவாகிவிட்டதென்பான். யஹ்யாவோ தன்னுடைய பழைய ஹெட்செட்டையே சந்தேகித்தான். அது சாதாரண இரட்டைக் காதுக் கருவி. மெத்தை இருமுறை கிழிந்து ஸக்கியா தைத்துக் கொடுத்திருந்தாள்.

இதற்கிடையில் கண்டியில் ஒரு கணினிச் சங்கம் இணைப் போட்டியொன்று வைப்பதாக அறிவித்தது. மண்டபத்தில், சனங்களின் முன்னால், மேடையிலிருந்து விளையாடும் போட்டி. இந்திரகுமார் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டான்.

"கண்ண மூடிக்கிட்டு வெளயாடுறவரு யாருன்னு கண்டி முழுக்கப் பாக்கட்டும் நானா," என்றான். "மொதல்ல அந்தப் பழசத் தூக்கி எறிஞ்சிட்டு நல்ல சரவுண்ட் ஹெட்செட் ஒண்ணு வாங்குங்க."

யஹ்யா அந்தக் காரியத்தைத் தன் வழக்கப்படியே ஒழுங்காகச் செய்தான். திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு கிழமைக்கணக்கில் விமர்சனங்களைக் கேட்டான். பெட்டியில் ஏழு ஒலிபெருக்கி என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் இரண்டுதான், மீதி கணக்குப் போட்டு உண்டாக்கும் மாயந்தான் என்பதை அறிந்துகொண்டான். விளக்கு எரிந்து மின்கலம் குறைவதைக் காட்டும் கருவி தனக்கு ஆகாது, கம்பி வேண்டும். தொட்டால் அகப்படும் பொத்தான்கள் வேண்டும். வாசிக்கும் மென்பொருளின் குரலையும் விளையாட்டின் ஓசையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் சக்கரம் வேண்டும். இவையெல்லாம் அமைந்தால் இழந்த இடப்பக்கம் திரும்பிவிடும் என்று அவன் மனதார நம்பினான்.

ஒரு சனிக்கிழமை அவனும் ஸக்கியாவும் மாத்தளைக்குப் போனார்கள். ஸப்ரியின் கம்ப்யூட்டர் கடை திருகோணமலை வீதியில், ஜவுளிக்கடையொன்றின் மாடியில் இருந்தது. ஸப்ரியும் யஹ்யாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"வா மச்சான், வா! என்ன ஸக்கியா, இவர வீட்டுல கட்டிப்போட ஏலாதா? இவருக்குச் சாமான் விக்கிறதுக்குள்ள எனக்கு நரச்சிரும்."

"ஒங்களுக்கு ஏற்கெனவே நரச்சித்தான் ஈக்கி," என்றாள் ஸக்கியா.

"பாத்தியா மச்சான், ஒனக்குத் தெரியாம எல்லாத்தையும் பாத்து வச்சிருக்கா."

முதலில் ஸப்ரி கொண்டுவந்தது கம்பியில்லாதது. கடையிலேயே விலை கூடியது. யஹ்யா அதைக் கையில் வாங்கி விரல்களால் முழுதும் ஆராய்ந்தான்.

"பட்டன் எங்க?"

"பட்டன் இல்ல மச்சான். வெளிப்பக்கத்தத் தடவினாச் சத்தம் கூடும்."

"என் கன்னத்தத் தடவினாலும் கூடுமா?"

"அது ஸக்கியாக்கிட்டத்தான் கேக்கணும்."

சிரித்துக்கொண்டே அதை எடுத்து வைத்துவிட்டு, கம்பியுள்ள வேறொன்றை ஸப்ரி பிரித்தான். கனம் அளவானது. பொத்தான்கள் மேடாக நின்றன. சக்கரம் விரலுக்குள் அடங்கிற்று. மைக் இடப்பக்கத்தில் நீண்டிருந்ததால் எந்தக் காதுக்கு எது என்று தடுமாற வேண்டியதில்லை. யஹ்யா திருப்தியோடு அணிந்துகொண்டான். சரவுண்ட் ஒலியைச் சோதிப்பதற்கென்றே ஸப்ரி ஒரு பதிவு வைத்திருந்தான்; கேட்பவனைச் சுற்றி ஒரு மனிதன் சரளைக்கல்லில் நடந்து வருவதுபோன்ற ஓசை அது.

கால்கள் முன்னிருந்து புறப்பட்டன. வலப்பக்கம் வந்தன, ஒவ்வொரு கல்லும் நொறுங்குவது கேட்டது. முதுகுக்குப் பின்னால் சென்றன. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில், நடந்தவன் கல்லை விட்டுப் புல்லில் இறங்கியதுபோல ஓசை மங்கிற்று. சற்றுநேரம் ஒன்றுமேயில்லை. பின்னர் மறுபடி முன்னே கேட்டது.

"எடப்பக்கம் செத்துப்போயிருக்கி மச்சான்."

"அப்பிடியா?" என்ற ஸப்ரி, இறக்குமதி செய்தவனை ஏசிக்கொண்டு அதே வகையில் இன்னொரு பெட்டியைத் திறந்தான். அதிலும் இடப்பக்கம் மங்கலாகவே இருந்தது.

"அந்தத் தொகுதி முழுக்கப் பழுதுபோல. ஸொறி மச்சான். இரு, வேற கொம்பனி ஒண்டு ஈக்கி."

மூன்றாவதில் மைக்கைத் தனியே கழற்றி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கைக்கு ஒன்றுபோலவே பட்டது. யஹ்யா தடவிப் பார்த்துவிட்டுத் தோராயமாக அணிந்துகொண்டான். கால்கள் நடந்தன. ஒரு பக்கத்தில் கல் நொறுங்கிற்று, மறுபக்கத்தில் புல்.

"இதுலயும் எடப்பக்கம் சரியில்ல," என்றான். குரலில் சலிப்பு இருந்தது.

ஸப்ரி அருகில் வந்தான். உடனே அவனுடைய சிரிப்புக் கேட்டது. "அட, திருப்பிப் போட்டிருக்காய்! ரைட்டுக்குரிய எழுத்து ஒன் எடக் காதுல ஈக்கி. அப்ப இதுல எடம் நல்லம், வலந்தான் பழுது. கழட்டி நேராப் போடு, பாப்பம்."

அப்பொழுது பிரிண்டருக்கு மை வாங்க வந்த வாடிக்கையாளர் ஒருவர் படியேறி வந்து ஸப்ரியைக் கூப்பிட்டார். ஸப்ரி அந்தப் பக்கம் போனான். யஹ்யா கருவியைக் கழற்றினான், திருப்பினான், நேராக அணிந்தான். பதிவு மீண்டும் சுற்றி வந்தது. இப்போது பழுதென்று சொன்ன வலப்பக்கம் அவனுடைய வலக்காதில் கணீரென்று ஒலித்தது. சற்றுமுன் நன்றாக ஒலித்த இடப்பக்கம் இடக்காதில் புல்லாயிற்று.

இன்னொருமுறை திருப்பினான். மீண்டும் நேராக்கினான். கருவி மாறினாலும் பக்கம் மாறினாலும் அந்த மனிதன் ஒரே இடத்தில்தான் காணாமற் போனான்.

யஹ்யாவுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும், தனித்தனியே கிடந்தவையெல்லாம் வரிசையாக வந்து நின்றன. கந்தோரில் சிலகாலமாக ரிசீவரை வலக்காதுக்கு மாற்றிக்கொண்டதை, கை வலிக்கிறதென்று தனக்குத்தானே காரணம் சொல்லியிருந்தான். தெருவுக்கு இடப்பக்கமிருந்த பள்ளிவாசலின் பாங்கொலி இந்த மாதங்களில் மறுபக்கத்தில் இருந்து வருவதுபோலத் தோன்றியதை, புதிய ஒலிபெருக்கி போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டான். டொக்டர் அம்மாவின் குரல் நினைவுக்கு வந்தது. கண்ணிலும் இப்படித்தான் முதலில் பக்கம் போயிற்று.

"என்ன மச்சான், இப்ப எப்பிடி?" ஸப்ரி திரும்பி வந்து கேட்டான்.

"இப்ப நல்லா ஈக்கி," என்றான் யஹ்யா. "திருப்பிப் போட்டதுதான் பிழ. இதக் கட்டு."

வழக்கமாக, ஸப்ரியிடம் விலையைக் குறைக்காமல் ஸக்கியா படியிறங்கமாட்டாள். அன்று அவள் பேரம் பேசவில்லை.

பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். கோயில் பக்கமிருந்து மணியோசையும், வண்டிகளின் ஹோர்னும், மிளகாய்த்தூளின் நெடியும் கலந்து வந்தன. யஹ்யா அவளுடைய முழங்கையைப் பற்றியிருந்தான். வலக்கையால் பற்றியிருந்தான். கலியாணம் முடித்த நாள் முதல் அவள் அவனுக்கு இடப்பக்கம்தான் நடப்பாள். கோல் வலக்கையில் இருக்கும். இப்போது கோல் இடக்கையில் இருந்தது. எப்போது மாறிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

நின்றான்.

"எப்ப இருந்து நீ இந்தப் பக்கம் நடக்கிற?"

"வண்டி வருது, ஓரமா வாங்க," என்று இழுத்தாள்.

"ஸக்கியா."

"நோம்புக்கு முன்னுக்கு இருந்து," என்றாள் அவள். "அந்தப் பக்கம் நிண்டு கதச்சா, நீங்க பதில் செல்றல்ல. முந்தி கோவமாக்கும்னு நெனச்சேன். பொறகு ஒருநா பின்னால நிண்டு பேர் செல்லிக் கூப்பிட்டேன். நீங்க வேற பக்கம் திரும்பினீங்க."

"ஏன் எனக்கிட்டச் செல்லல்ல?"

"எப்பிடிச் செல்ற?" என்று திருப்பிக் கேட்டாள். "கண்ணு போனப்ப நீங்க ஆறு மாசம் வாசலுக்கு வரல்ல. திரும்ப அந்த மனுசன நான் பாக்கணுமா? கண்டிக்குப் போய்க் காட்டுவம். ஒரு மெசின் வச்சாச் சரியாகும்னா வச்சிட்டுப் போவம்."

"போட்டி முடியட்டும்."

"போட்டியா பெரிசு?"

"எனக்கு அதுதான் பெரிசு," என்றான் அவன் கடுமையாக. அவளுடைய கையை விட்டுவிட்டு, கோலைத் தட்டியபடி பஸ்ஸை நோக்கி நடந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு யஹ்யா கம்ப்யூட்டரின் முன் அமர்ந்தான். காது மங்கியிருந்தாலும் கருவிக்கு வலிமை இருக்கிறதல்லவா என்று அவன் இரவு முழுதும் தனக்குத்தானே வாதாடியிருந்தான். இடப்பக்கத்து ஒலியை முடிந்தமட்டும் ஏற்றினான், வலப்பக்கத்தைத் தணித்தான். இரண்டும் ஒரே அளவில் வந்தாற்போலத் தோன்றியது. சோதனைப் பதிவில் அந்த மனிதன் முழு வட்டமும் நடந்தான். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான்.

இந்திரகுமார் வந்து சேர்ந்தான். அவன் பக்கத்தில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது.

"என்னா நானா, புது ஹெட்செட்டு மாப்பிள்ள மாதிரி இருக்கா?"

"இருக்கி. தொடங்கு."

ஆட்டம் தொடங்கிற்று. யஹ்யா முழு மனதையும் காதில் வைத்தான். ஒரு காலடி; ரத்தோட்டை என்றான். "அடிச்சாச்சு!" என்றான் இந்திரகுமார். இன்னொன்று, யட்டவத்தை. "விழுந்துட்டான் நானா!" அடுத்தடுத்து அப்படியே. "அந்தச் சாமான் சும்மா சொல்லக்கூடாது, கண்டியில நம்ம கொடிதான்!" என்று இந்திரகுமார் கூவினான். யஹ்யாவின் நெஞ்சு நிறைந்தது. பல மாதங்களாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோவொன்று விலகியதுபோல மூச்சு இலகுவாக வந்தது. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஸக்கியாவைக் கூப்பிட்டு, பார்த்தாயா என்று சொல்ல வாயெடுத்தான்.

எடுத்த வாய் அப்படியே நின்றது. கடைசியாகச் சொன்ன திசையில் அவனுக்கே உறுதி இருக்கவில்லை. காலடி கேட்டது உண்மை. ஆனால் ஓசையைக் கூட்டியிருந்தானே தவிர, அதன் இடம் தெளியவில்லை. சேற்றுத் தண்ணீரில் விழுந்த கல்போல எங்கோ கலங்கிற்று. ஊகித்துத்தான் சொன்னான். ஊகமும் பலித்ததா? அதற்கு முந்தியதும்? அந்த விளையாட்டில் எதிரி விழுந்தால் ஓசை வராது; கூட்டாளி சுட்டு யார் விழுந்தான் என்பது திரையில் எழுத்தாக மட்டுமே தோன்றும். அதை அவனுடைய மென்பொருள் வாசிக்காது. விழுந்தான் என்று இந்திரகுமார் சொன்னால் விழுந்தான் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த செய்தி.

இருவரும் ஒரு மாடி அறைக்குள் பதுங்கியிருந்தார்கள். கதவு வலப்பக்கத்தில். அதற்கு வெளியே மரப்படி. பூனை ஏறினாலும் கேட்கும் படி அது. யஹ்யா தன்னுடைய நல்ல காதைக் கொடுத்துக் கேட்டான். காற்றின் ஓசையைத் தவிர அங்கே ஒன்றுமேயில்லை. அதை அவன் சத்தியம் செய்து சொல்வான்.

"ரத்தோட்டையில ஒருத்தன்," என்றான் மெதுவாக. "கதவுக்கிட்ட வந்துட்டான்."

துப்பாக்கி உடனே வெடித்தது.

"ஆளு காலி நானா!" என்றான் இந்திரகுமார். "சரியான நேரத்துல சொன்னீங்க!"

யஹ்யா விசைப்பலகையில் இருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தம்பி," என்றான். "அங்க யாரும் வரல்ல."

மறுமுனையில் மௌஸை மேசைமேல் வைக்கும் ஓசை கேட்டது.

"நான் பொய் சென்னேன். நீ வெறும் கதவுக்குச் சுட்டாய்."

"நானா, அது வந்து..."

"எப்ப இருந்து?"

இந்திரகுமாரின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "ரெண்டு மாசமா இருக்கும். மொதல்ல ஒங்களுக்குத் தூக்கமில்லன்னு நெனச்சேன். அப்புறம் எடப்பக்கம் மட்டும் மாறுறது புரிஞ்சிச்சி. நீங்க சொன்னதும் நான் நாலு பக்கமும் பாத்துக்குவேன். சில நேரம் ஆளு கெடைக்கும். கெடைக்கலன்னா கெடைச்சதுன்னு சொல்லிருவேன்."

"ஏன்டா?"

"எப்பிடி நானா சொல்றது? ஆபீஸ்ல காலையில இருந்து பொழுதுபோற வரைக்கும் அத எடு, இத எழுது, ஏன் பிந்தினாய்னுதான் கேக்குறாங்க. நீங்க ஒருத்தர்தான், 'நீ பாத்துக்க, நான் கேட்டுக்கிறேன்'னு சொன்னீங்க. ஒங்க காது போயிருச்சுன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா?"

அவனுடைய மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. யஹ்யாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. மனைவி பக்கம் மாறி நடந்ததும், இவன் வெறுங்கதவுக்குச் சுட்டதும் அன்பினால்தான். அந்த அன்பிலே ஒருவருக்கொருவர் தெரியாமல் எல்லோரும் சேர்ந்து அவனை மெல்ல மெல்லக் கைபிடித்துக் கொண்டுபோயிருந்தார்கள். அவனோ தான் முன்னே நடப்பதாக நினைத்திருந்தான்.

"போட்டியப் பத்திக் கவலப்படாதீங்க நானா," என்று இந்திரகுமார் அவசரமாகச் சொன்னான். "ரெண்டு பக்கத்தையும் நான் பாத்துக்கிறேன். மேடையில யாருக்குத் தெரியப்போகுது? நீங்க சும்மா எனக்குப் பக்கத்துல ஒக்காந்திருங்க. அது போதும் எனக்கு."

சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்பது யஹ்யாவுக்கு நன்றாகத் தெரியும். முழங்காலின்மேல் கைகளை வைத்துக்கொண்டு, சிரிப்பு எழும் திசையில் முகத்தைத் திருப்பி, எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்து, கையில் கொண்டுவந்து வைக்கும் தேநீரைக் குடித்துவிட்டு, யாரேனும் வந்து எழுப்பும்வரை இருக்கவேண்டும். எத்தனையோ கலியாண வீடுகளில் இருந்திருக்கிறான். அங்கேயெல்லாம் மனம் சுருங்கியபோது இந்த அறையை நினைத்துத்தான் ஆறுதல் கொள்வான். இனி இந்த அறையிலும் ஒரு கதிரை போட்டாயிற்று.

ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்திலே தொங்கவிட்டான். அறைவாசலில் ஸக்கியாவின் வளையல் ஓசை கேட்டது. அவள் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் உள்ளே வரவில்லை. இந்திரகுமாரின் குரல் கழுத்தடியில் இருந்து சிறியதாக, "நானா? நானா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு அழவேண்டும்போல இருந்தது. ஆனால் அழுதால் இவர்கள் இருவரும் மறுபடியும் ஏதாவது பொய் சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சி அடக்கிக்கொண்டான். மைக்கை வாயருகே இழுத்தான்.

"இருக்கிறேன் தம்பி. கேளு," என்றான். "போட்டிக்கு நான் வரல்ல. நீ நல்ல காதுள்ள ஒருத்தனச் சேத்துக்க. நாளைக்கு லீவு போட்டுட்டு நானும் ஸக்கியாவும் கண்டிக்குக் காதக் காட்டப் போறோம்."